பதினைந்து விநாடித் தெளிவு

கம்ப்யூட்டர் கெட்டுப்போனவன் உண்மை சொல்லி நான் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கோட்டயம் பக்கத்துக் கடுத்துருத்தியிலும் சுற்றுவட்டாரத்திலும் இந்த வேலைதான் செய்கிறேன். "ஜெய்மோனே, நான் ஒண்ணுமே பண்ணல, தானாவே ஆயிடுச்சு" என்பார்கள். எங்கள் பங்குத்தந்தையே அப்படிச் சொன்னவர்தான். அதனால் நான் ஆளிடம் எதுவும் கேட்பதில்லை. நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, நானே உட்கார்ந்து மெஷினைப் பார்த்துக்கொள்வேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பெயர். இருக்கட்டும், வேலை சுத்தம்.

ஈஸ்டருக்கு முந்தைய ஐம்பது நோன்பின் நாலாவது வாரம், வியாழக்கிழமை காலை, குருவிளா சேட்டன் போன் செய்தார். கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் முப்பது வருடமாக ஸ்டுடியோ வைத்திருப்பவர். திரை மங்கலாகத் தெரிகிறது, மெமரி போதவில்லை என்று ஏதோ ஒரு பெட்டி வந்து வந்து நிற்கிறது, நோன்புக்கு முன்னால் கல்யாணம் ஆன ஒரு பெண் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அழுதுவிட்டுப் போனாள், உடனே வா என்றார்.

போய் முதலில் அந்த ஆல்பத்தைப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்திரண்டு வயதுப் பெண், ஐம்பது வயதுக்காரி மாதிரி இருக்கிறாள். கன்னத்தில் ஒவ்வொரு துளையும் தெரிகிறது, கண்ணுக்குக் கீழே வெடித்த வயல். விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. திரை மங்கலாக இருந்திருக்கிறது. படம்தான் மங்கல் என்று நினைத்து இந்த மனுஷன் ஒவ்வொரு முகத்தையும் கூர்மையாக்கு, இன்னும் கூர்மையாக்கு என்று அமுக்கித் தள்ளியிருக்கிறார். மூன்று மாதமாக இந்த ஊரில் படம் எடுத்த எல்லோருக்கும் வயதாகியிருக்கும்.

திரை ஏன் மங்கியது என்பதும் பார்த்தவுடனே தெரிந்தது. ஒவ்வொரு திரைக்கும் அதற்கென்று ஒரு அளவு உண்டு. அதைக் குறைத்து வைத்தால் எழுத்து பெரிதாகும், ஆனால் எல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல் ஆகிவிடும். சேட்டனுக்குக் கண்ணாடி உடைந்திருக்கிறது. புதுசு போடச் சோம்பல், அதனால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டார். நான் கேட்டதற்கு, தான் ஒன்றும் பண்ணவில்லை, தானாகவே ஆனது என்றார்.

மங்கலைச் சரிசெய்ய அரை நிமிஷம் போதும். மெமரிதான் பெரிய பாடு. நான் உட்கார்ந்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, நினைவகம் குறைவு, வேலையைச் சேமித்துக்கொள் என்று பெட்டி வந்து நின்றது. படிப்பதற்குள் என் தோளுக்கு மேலே கை நீட்டி ஓகே அமுக்கிவிட்டார்.

"என்ன சேட்டா, படிச்சீங்களா அதை?"

"அது தினமும் வரும். ஓகே அமுக்கினா போயிடும்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். கிறிஸ்துமஸிலிருந்து என்றார். எனக்கு வந்ததே கோபம். மெஷின் வாய்விட்டுக் கத்துகிறது, அதன் வாயைப் பொத்திவிட்டுப் போயிடும் போயிடும் என்கிறீர்களே, இது என்ன கொசுவா அடித்து விரட்ட, எச்சரிக்கை வந்தால் படிக்க வேண்டாமா, படித்தால் என்ன கண் அவிந்தா போகும் என்று ஒரு மூச்சு திட்டினேன். மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அதற்குள் பாஸ்போர்ட் படத்துக்கு ஆள் வர, தப்பித்தோம் என்று உள்ளறைக்குப் போய்விட்டார்.

வயர்களைக் கழற்றுமுன் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டேன். எது எங்கே இருந்தது என்று குழம்பாமல் இருக்க அது என் வழக்கம். போனில் இடமில்லை என்று வந்தது. பழைய படம் ரெண்டை அழித்துவிட்டு எடுத்தேன். தூசி தட்டி, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, டிஸ்க் நிரம்பினால் மெமரியும் திணறும் என்பதால் எது அதில் இடத்தை அடைக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். கல்யாணம், ஞானஸ்நானம், புதுநன்மை என்று ஒவ்வொன்றிலும் ஒரே படம் பதினொரு தடவை. கடைசி, கடைசிக்குப் பிறகு, உண்மையான கடைசி என்று பெயர் வேறு. அள்ளிக் குப்பையில் போட்டேன். அப்படியும் டிஸ்க் நிரம்பியதைக் காட்டும் சிவப்புக் கோடு குறையவில்லை. எல்லாவற்றையும் விடப் பெரியதாக ஒரு ஃபோல்டர் கீழே கிடந்தது. பெயர், ரெடி.

"ஜெய்மோனே, ரெடியை மட்டும் தொடாதேடா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. என்னிடம் போய் அப்படிச் சொன்னால் ஆகுமா? திறந்தேன்.

வரிசை வரிசையாக முகங்கள். மங்கலில் சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் காது வைத்து, மீசை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். முதல் வரிசையில் சாயாக்கடை அவுதா. அன்று காலையில்தான் சர்க்கரை போதவில்லை என்று நானும் அவனும் சண்டை போட்டிருந்தோம். அவனுக்குப் பக்கத்தில் ரிட்டயர்டான ஹெட்மாஸ்டர். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பொடி எழுத்தில் பெயர், வீட்டுப் பெயர், பிறகு வயது என்று போட்டு ஒரு காலியிடம்.

எனக்கு விளங்கிவிட்டது. பத்திரிகையின் காலமானார் பக்கத்துக்கு. ஆள் போன அன்றைக்கு வீட்டில் ஆளுக்கொரு மூலையில் அழுதுகொண்டிருக்கும்போது பத்திரிகை ஏஜெண்ட் வாசலில் நின்று படம் எங்கே என்பான். ரேஷன் கார்டிலிருந்து பிய்த்துக் கொடுத்தால் திருடன் மாதிரி அச்சாகும். அதனால் முன்யோசனை உள்ளவர்கள் நல்ல சட்டை போட்டு எடுத்து வைத்துவிடுவார்கள், வயதை மட்டும் பிறகு பத்திரிகையில் நிரப்பிக்கொள்வார்கள். என் அப்பாவும் கோட்டு இரவல் வாங்கி எடுத்து வைத்துவிட்டுத்தான் போனார். எல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் சாயா ஆற்றுகிறவனும் சைக்கிள் விடுகிறவனும் முந்நூறு பேர் இப்படி ஒரே ஜன்னலில் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்தபோது நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். என் ஈசோயே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

இதில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றினால் இடம் கிடைக்கும். புதிதாக வந்தது மேலே வரும்படி அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெண், வாடாமல்லி நிறத்தில் சேலை. யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டு, படத்தைத் திறந்தேன். திரை முழுக்கப் பஞ்சு. முகமும் பொடி எழுத்துப் பெயரும் தெரியாமல் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பிரிக்க முடியாது. சரி, முதலில் மங்கலை எடுத்துவிடுவோம் என்று திரையின் அளவை மாற்றினேன்.

திரை ஒரு கணம் கறுத்துப் போய்த் திரும்ப வந்தது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி. இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா, இல்லை பழையபடியே ஆக்கவா? பதினைந்து, பதினான்கு, பதின்மூன்று என்று எண்ணிக்கொண்டு போகும். அதற்குள் வைத்துக்கொள் என்று அமுக்காவிட்டால் பழையபடி ஆகிவிடும். ஆயிரம் தடவை அமுக்கியிருக்கிறேன்.

பெட்டிக்குப் பின்னால் இருந்தது ஜான்சி. என் மனைவி.

யாரோ ஜாடை என்றுதான் முதலில் நினைத்தேன். பத்து. இடது தோளில் சேலையில் ஒரு நூல் இழுபட்டுச் சுருங்கியிருந்தது. ஒன்பது. அது என் மோதிரம் மாட்டி இழுத்த நூல். கல்யாணத்தன்று சர்ச்சில் எல்லோர் முன்னாலும் நான் அவள் தலையில் போட்ட மந்திரகோடி அது. எங்கள் பெண்கள் அந்தச் சேலையைப் பெட்டியில் மடித்து வைத்துவிடுவார்கள். கடைசியாகப் போகும்போது கூடவே போர்த்தி அனுப்புவோம். ஏழு. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது, கன்னம் ஒட்டிப்போய் இருக்கிறது. ஆறு. ஜான்சி ஜெய்மோன், தெக்கேப்பறம்பில். நான்கு. வயது என்ற இடம் மற்ற எல்லோருக்கும் காலி. அவளுக்கு மட்டும் நாற்பத்தாறு என்று எழுதியிருந்தது.

அவளுக்கு வரும் நவம்பரில் நாற்பத்தேழு.

கையை அசைக்க முடியவில்லை. மூன்று, இரண்டு, ஒன்று. திரை கறுத்தது. திரும்ப வந்தபோது பழைய பஞ்சு. வாடாமல்லி நிறத்தில் யாரோ ஒரு பெண்.

நான் கத்திய கத்தலில் குருவிளா சேட்டன் காமிராவோடு ஓடிவந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் பிடி. அந்தக் கல்யாணப் பெண்ணைக் கிழவி ஆக்கியவர்தானே இவர்? "நீங்க கூர்மையாக்கிக் கெடுத்து வெச்ச படம்தானே இது? அதனாலதானே இப்படி இருக்கா? சொல்லுங்க சேட்டா."

"இதுல நான் கையே வைக்கலடா. எதையும் மாத்தாதீங்கன்னு சொல்லிட்டா."

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்தாளாம். சேலையைப் பையில் கொண்டுவந்து உள்ளே மாற்றிக்கொண்டாளாம். சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னாளாம். வயதையும் அவள்தான் போடச் சொன்னாள், அடுத்த வாரம் கோட்டயத்தில் ஆபரேஷன் என்றாள், தானும் மேற்கொண்டு கேட்கவில்லை என்றார். செவ்வாயன்று பிளாக் ஆபீஸில் மீட்டிங் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அங்கன்வாடி டீச்சருக்கு மாதத்துக்கு நாலு மீட்டிங், எனக்கு என்ன தெரியும்.

"உங்கிட்ட சொல்ல வேண்டாம்னா. வெளிச்சம் சரியில்லைன்னு எங்க வீட்டு இச்சாயன் சண்டைக்கு வருவாருன்னா. படத்தைத்தான் மறைக்கிறான்னு நெனச்சேன் ஜெய்மோனே. சீக்கையே மறைச்சிருக்கான்னு எனக்குத் தோணல."

நான் அந்தப் படத்தை அழிக்கப் போனேன். பொத்தானை அமுக்கியே விட்டேன். உறுதியாகத்தானா என்று மெஷின் கேட்டது. சேட்டன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வயதான கை, ஆனால் இரும்பு.

"அழிச்சேன்னா அவ மறுபடி அந்தச் சேலையைக் கட்டிக்கிட்டு அந்த நாற்காலியில வந்து உட்காரணும். வேணுமா உனக்கு?"

கையை எடுத்துவிட்டேன். கருவிப் பையை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினேன். திரையை மங்கலாகவே விட்டுவிட்டு நான் வந்த ஒரே வேலை அதுதான்.

வீடு மூன்று கிலோமீட்டர். பைக்கில் போகும்போதே எப்படியெல்லாம் கத்த வேண்டும் என்று யோசித்துக்கொண்டேன். கட்டினவனிடம் மறைக்க என்ன தைரியம், ஊருக்கே தெரிந்து எனக்குத் தெரியவில்லை என்றால் நான் யார், இப்படி. அங்கன்வாடிக்குத் திரும்பும் வளைவில் நின்று எட்டிப் பார்த்தேன். வாசலில் வேறு யாரோ ஒரு பெண் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். டீச்சர் திங்கட்கிழமையிலிருந்து லீவு, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள். நான் வண்டியை எடுத்தேன்.

மத்தியானம் பன்னிரண்டரை. ஜான்சி கட்டிலில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். இருபத்து நான்கு வருடத்தில் வெயில் இருக்கும்போது அவள் படுத்து நான் பார்த்ததில்லை. நான் வீட்டுக்கு வருவது விளக்கு வைத்த பிறகு. அதற்குள் எழுந்து, முகம் கழுவி, கறி கூட்டி வைத்துவிட்டு நின்றிருக்கிறாள். நைட்டிக்குள் ஆள் இருக்கிறாளா என்று சந்தேகமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் பார்த்த முகம்தான். ஆனால் அந்தப் பதினைந்து விநாடியில் பார்த்ததைத்தான் நான் இப்போதும் பார்த்தேன்.

சத்தம் கேட்டு எழுந்தவள், "என்ன இச்சாயா, டவுன்ல கரண்ட் இல்லையா?" என்றாள்.

"குருவிளா சேட்டன் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போயிருந்தேன்."

அவள் தலைமுடியைக் கோதி முடிந்துகொண்டாள். பிறகு, "வெளிச்சம் சரியா விழுந்திருக்கா?" என்று கேட்டாள்.

நான் யோசித்து வைத்த கத்தல் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவளே சொன்னாள், அங்கன்வாடிக் குழந்தைகளுக்குச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாக. வயிற்றில் கட்டி. பிப்ரவரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறாள். மங்களூரில் நர்சிங் படிக்கும் எங்கள் மகள் மெரின், பரீட்சை லீவு என்று என்னிடம் சொல்லிவிட்டு வந்து, கோட்டயத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். வரும் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது வயிற்றைத் திறந்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து என்னிடம் சொல்வதாக இருந்தாளாம்.

"நோன்புன்னு சொன்னியே. மீனும் வேண்டாம், கப்பைக்கிழங்கும் வேண்டாம்னு தள்ளி வெச்சியே," என்றேன். சாமியாருக்கே போட்டியா என்று தினமும் கேலி செய்து, அவள் தட்டில் மிச்சம் வைத்ததையும் சேர்த்துத் தின்றவன் நான்.

"நோன்புன்னு நீங்கதான் சொன்னீங்க. எனக்கு உள்ள எறங்கல."

"முதல்லயே ஏன் எங்கிட்ட சொல்லல ஜான்சி?"

"சொன்னேன் இச்சாயா. கிறிஸ்துமஸ் கழிஞ்சு நாலாம் நாள். நீங்க ஒரு பெட்டியைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. வயித்துல என்னமோ உருளுதுன்னேன். கேஸ், இஞ்சி காப்பி குடின்னீங்க. அப்புறமும் ரெண்டு தரம் சொன்னேன்."

அந்தப் பெட்டி எனக்கு ஞாபகம் இருந்தது. ஏற்றுமானூர் வக்கீல் ஒருவருடையது. பவர் சப்ளை போயிருந்தது, உள்ளே பல்லி செத்துக் கிடந்தது. பல்லி எந்தப் பக்கம் கிடந்தது என்பது வரைக்கும் ஞாபகம் வந்தது. ஜான்சி வந்து நின்றதும் பேசியதும் மட்டும் வரவேயில்லை. காலையில் ஒரு மனுஷனைத் தலை நிமிர விடாமல் திட்டினேனே, அந்த வாயை அங்கேயே கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நானும் மூன்று தடவை ஓகே அமுக்கியிருக்கிறேன்.

படம் எதற்கு எடுத்தாய், அதுவும் அந்தச் சேலையில் என்று கேட்டேன். அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். யாருக்கு யார் தடவிக்கொடுப்பது?

"வீட்டுல தேடிப் பார்த்தேன். கல்யாண ஆல்பத்துக்கு அப்புறம் நான் தனியா இருக்கிற படம் ஒண்ணுகூட இல்ல. அன்னிக்கு மெரின் ரேஷன் கார்டைத் தேடிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னுதான் போனேன்."

அப்படி இருக்காது என்று சொல்லிப் போனை எடுத்தேன். ஆறாயிரத்து முந்நூறு படம் இருக்கிறது என்றது. தள்ளிக்கொண்டே போனேன். கழற்றின பெட்டி, எரிந்த போர்டு, சிவப்பு வயர், நீல வயர், திரைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நம்பர், வீங்கிப்போன பாட்டரி. இருபது தடவை தள்ளியும் ஒரு முகம் வரவில்லை. அவள் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்து, "இது யாரு, உங்க சித்தப்பாவா?" என்று வீங்கின பாட்டரியைக் காட்டிக் கேட்டாள்.

இப்போதே ஒன்று எடுக்கிறேன், இந்தப் படம் பத்திரிகைக்கு இல்லை, எனக்கு என்று சொல்லி, போனை அவள் பக்கம் திருப்பினேன். இடமில்லை என்று வந்தது. இந்தத் தடவை முழுவதும் படித்தேன். உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தேன். மொத்தமாக அழிக்க எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கேயாவது அவள் ஒரு ஓரத்திலாவது நிற்கமாட்டாளா என்று ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

ஒன்றில் இருந்தாள். திறந்த பெட்டிக்கு மேலே டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு கை. எங்கள் கல்யாண மோதிரம், விரலில் மாவு. மேலே கொஞ்சம், இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடி என்று நான் அதட்டியிருப்பேன். மணிக்கட்டோடு படம் முடிந்துவிட்டது.

ஜான்சி அதை வாங்கிப் பார்த்தாள். "கையை மட்டும் கொடுத்தா பத்திரிகைக்காரன் வாங்க மாட்டான் இச்சாயா," என்று சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது. அந்த ஒன்றை விட்டுவிட்டு அடுத்த போர்டை அழித்தேன், அதற்கடுத்த வயரை அழித்தேன்.

இடம் கிடைத்ததும் போனைத் தூக்கிப் பிடித்தேன். தலை கலைந்திருக்கு, நைட்டியோட இருக்கேன், இப்ப வேண்டாம் என்று அவள் கையை நீட்டி மறைத்தாள். அதற்குள் நான் அமுக்கிவிட்டேன். படத்தில் திரும்பவும் அவள் கைதான் விழுந்தது.